டின் எங்கலே?

சத்தியம். பனிமய மாதா மேல் சத்தியம், எங்கள் சுடலைமாடன் மேல் சத்தியம், கடற்படையில் என் ஆயுசின் நல்ல பாதியை வைத்துக் கிண்டிய சாம்பார்ச் சட்டி மேல் சத்தியம், இனி வரப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் இந்தச் சிவப்புத் துணி போர்த்திய நாற்காலியோடு என்னைக் கடல் இழுத்துக்கொண்டு போகட்டும். இதை நான் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் இந்தப் பந்தலில் ஒருத்தர் நம்பமாட்டார், கொம்பையா அண்ணாச்சி ஆரம்பிச்சுட்டாவ என்று பின்வரிசையிலிருந்து சிரிப்பு கிளம்பும், அதனால் மனசுக்குள்ளேயே கத்திக்கொள்கிறேன், அங்கேதான் இப்போதைக்கு என்னை நம்புகிற ஆள் இருக்கிறான். தூத்துக்குடியில் மழை மாதம். பந்தல் துணியில் தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டு நிற்கிறது, யாராவது கம்பால் ஒரு குத்து குத்தினால் மேடையில் இருக்கிற அத்தனை வெள்ளைச் சட்டைகளும் நனையும், அந்தக் கம்பு என் கையில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். கடற்படை தினம். வருஷா வருஷம் டிசம்பர் நாலு, கராச்சியில் நம் படகுகள் நெருப்பு வைத்த நாள், முன்னாள் கடற்படை வீரர் சங்கத்தில் எங்களைக் கூட்டி உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தி, மிக்சர் கொடுத்து அனுப்புவார்கள். நான் அந்தச் சண்டைக்கு அப்புறம் சேர்ந்தவன். ஆனால் கராச்சிப் புகை என் வெங்காயத்தில் படிந்திருந்தது என்று ஒரு கதை வைத்திருக்கிறேன், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். கப்பல் பெயரை மட்டும் கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது.

எனக்கு இடது பக்கம் பெர்க்மான்ஸ் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு இடது பக்கம் அவன் மகள் டெல்பின், அப்பன் எழுந்து எங்காவது நடந்துவிடக் கூடாதே என்று சட்டைக் கையைப் பிடித்தபடி. பெர்க்மான்ஸ் கப்பலில் பாய்லர் ரூம் ஆள், நான் சமையல்கட்டு ஆள், அவன் கீழே நெருப்பில் வெந்தான், நான் மேலே நெருப்பில் வெந்தேன், வித்தியாசம் என்னவென்றால் என் நெருப்பில் மீன் வறுக்கலாம். இந்தச் சங்கத்தில் எங்கள் இருவருக்கும் ஒரு வேலை உண்டு. பேச்சுகள் முடிந்து ஜனம் கொட்டாவி விடுகிற நேரத்தில் செயலாளர் வேலாயுதப்பெருமாள் என்னை மைக்குக்குக் கூப்பிடுவார், நான் ஆமைக் கதை சொல்லுவேன், கடலில் விழுந்த என்னை ஒரு ஆமை முதுகில் தூக்கிக் கப்பலில் கொண்டுவந்து விட்ட கதை, ஒவ்வொரு வருஷமும் ஆமை கொஞ்சம் பெரிசாகும், ஒரு வருஷம் அது திசை கேட்டு வழி சொன்னது, ஒரு வருஷம் போகும்போது என் ரசத்தைக் குடித்துவிட்டுப் போனது. முதல் வரிசையிலிருந்து பெர்க்மான்ஸ் குரல் கொடுப்பான், "பொய்!" அவ்வளவுதான், ஒரே சொல், பீரங்கி மாதிரி. ஜனம் உருளும். என் கதைக்கு உயிரே அந்தச் சொல்லில்தான் இருந்தது. பொய் என்று சொல்ல அவன் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நீட்டினேன், பின்னால் ஒருத்தன் இடுப்பைப் பிடித்திருந்தால் கைப்பிடிச் சுவரைத் தாண்டி எவ்வளவு வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம் இல்லையா, அப்படி. போன வருஷம் கையை விட்டுவிட்டான். ஆமை என் ரசத்தைக் குடித்தது என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பந்தலே காத்திருந்தது. பெர்க்மான்ஸ் என்னைப் பார்த்துப் பச்சைக் குழந்தை மாதிரி சிரித்து, "ஆமா, நானும் பார்த்தேன், பெரிய ஆமை" என்றான். எல்லாரும் அதற்கும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் காலுக்குக் கீழே பலகை நழுவினது மாதிரி இருந்தது.

இன்றைக்குக் காலையிலிருந்து அவனைச் சீண்டிப் பார்க்கிறேன். "ஏலே பெர்க்கு, நாம கராச்சிக்குப் போனப்ப நீதானலே கப்பலை ஓட்டினே?" என்று காதில் கேட்டேன், பாய்லர் ரூம் ஆளுக்குக் கடலே கண்ணில் படாது, இதற்கு அவன் என் செவிட்டில் ஒன்று விட்டிருக்க வேண்டும். "ஆமா. ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டினேன்" என்றான் கம்பீரமாக. அடப்பாவி, என்னையே தோற்கடிக்கிறாயே. புயலில் கப்பல் ஆடின ஆட்டத்தில் உரலில் குழவி தானாகச் சுத்தி மாவு அரைபட்டதே, நினைவு இருக்கா என்றேன். "நல்ல இட்லி" என்றான். கப்பலில் உரலே கிடையாது. டெல்பின் என் பக்கம் சாய்ந்து, "மாமா, சும்மா இருங்க மாமா, நீங்க சொல்லுததை எல்லாம் அப்பா ராத்திரி எங்கிட்ட நெசம்னு சொல்லுதாவ, திமிங்கலத்துக்கு உப்புமா போட்டேன்னு ஒரு வாரமா ஒரே பேச்சு" என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், கண்ணுக்குக் கீழே தூக்கம் இல்லாத கறுப்பு. உப்புமா என் கதை. வேறு வீட்டில் போய்க் குடியேறிவிட்டிருக்கிறது. என்னவெல்லாம் அங்கே குடியேறிவிட்டது, எதையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு. என் பொய்கள் அவன் தலைக்குள் காலை நீட்டிப் படுத்திருக்க, உண்மையாக நடந்த ஒன்று எங்கே இருக்கிறது, வாசலில் நிற்கிறதா, மழையில் நனைகிறதா, போயேவிட்டதா. அதைத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தன் மறந்துவிட்டால் மிச்சம் இருக்கிறவன் நான், நான் சொன்னால் எவன் நம்புவான்.

மேடையில் சின்ன வயசு அதிகாரி ஒருவர் பேசுகிறார், சலவை மொடமொடப்பு, வடக்கத்தி வாயில் தமிழ், பரவாயில்லை, பாடுபட்டுப் பேசுகிறார். தன்னலமற்ற சேவை என்கிறார். கடமை தவறாத காவல் என்கிறார். கடமை தவறாத. அந்தச் சொல்லை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். மழை வாசனையோடு கடற்காற்று வருகிறது, அதற்குள் எங்கேயோ கெட்டுப்போன உருளைக்கிழங்குத் தோல் வாசனை, இல்லை, இங்கே எங்கே உருளைக்கிழங்கு, அது அந்த மத்தியானத்து வாசனை. வங்காள விரிகுடா கொதித்துக்கொண்டிருந்தது. மேல்தளத்துக்கு யாரும் போகக் கூடாது என்று உத்தரவு. சாப்பாட்டு மிச்சமும் தோலும் தகர டின்னில் நிறைந்து சமையல்கட்டே நாறியது, சீஃப் குக் ஒரு பஞ்சாபி, மீசைக்கு மாவு பிசைகிறவன் மாதிரி எண்ணெய் போடுவான், உத்தரவாவது மண்ணாவது போய்க் கொட்டிட்டு வாடா என்று என்னை வெளியே தள்ளினான். டின்னுக்கு ஒரு கயிறு உண்டு. டின் கடலில் போய்விட்டால் ஸ்டோரில் பதில் சொல்ல முடியாது என்பதற்காக அதன் காதில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைக் கைப்பிடிக் கம்பியில் முடிந்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும். முடிந்தேன். அத்தோடு விட்டேனா, சீஃப் குக் மேல் இருந்த பயத்தில் மிச்சக் கயிற்றை மணிக்கட்டிலும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன், டின் போனால் நான் செத்தேன் என்று நினைத்தவன் வேறென்ன செய்வான். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு தளம் இல்லை. காது நிறையத் தண்ணீர், கண் நிறையப் பச்சை, டின் காது பிய்ந்து போய்விட்டது, கயிறு மட்டும் என் மணிக்கட்டில், அதில் தொங்கியபடி கப்பல் பக்கத்தில் துணி அலசுகிற மாதிரி என்னை அலசிக்கொண்டு போகிறது, இரும்பில் முகம் மோதி முன்பல் போனது, கத்தினால் வாயில் கடல். இதைச் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. ஆகவே சொன்னதில்லை.

பெர்க்மான்ஸ் டீக்காக வந்திருந்தான். அவ்வளவுதான் விஷயம், ஒரு மக் டீ. கீழே பாய்லரில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், உள்ளே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும், அதைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பது அவன் காவல். தண்ணீர் குறைந்தால் பாய்லர் காயும், காய்ந்தால் கப்பலின் வயிறு வெடிக்கும். கூட இருந்தவன் புதுசு, வாந்தி எடுத்து மூலையில் சுருண்டுவிட்டான், கீழே டீ கொண்டுபோக ஆள் இல்லை. ஒரு நிமிஷம்தானே என்று இவன் ஏணியேறி மேலே வந்து, சமையல்கட்டில் என்னைக் காணாமல் கதவைத் திறந்து தளத்தை எட்டிப் பார்த்தான். கம்பியில் ஒரு கயிறு விறைத்து நின்று அதிர்ந்துகொண்டிருந்தது. வீணைக் கம்பி மாதிரி நின்னுதுலே என்று அப்புறம் சொன்னான், வீணையை எங்கே பார்த்தானோ. மக்கைத் தூக்கி எறிந்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். ஆள் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நீ எங்கே இங்கே என்று கேட்பார்கள் என்றா கூப்பிடவில்லை, இல்லை அந்த நேரத்தில் வாய் வரவில்லையா, கடைசி வரை அவன் சொல்லவில்லை. ஒற்றை ஆளாக இழுத்தான். ஈரக் கயிறு அவன் கையில் வழுக்கி வழுக்கி ஓடியது, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உள்ளங்கைத் தோல் அதோடு போனது. என்னைக் கம்பிக்கு இந்தப் பக்கம் மூட்டை மாதிரிப் போட்டுவிட்டு, நான் உயிரோடு இருக்கிறேனா என்றுகூடப் பார்க்காமல் கீழே ஓடினான். குழாயில் தண்ணீர் அடிக்குப் போயிருந்ததாம், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். தோல் இல்லாத கையால் வால்வைத் திருகினான். சாயங்காலம் பார்க்கிறேன், இரண்டு கையிலும் கட்டு, ஸ்டீம் பைப்பில் சுட்டுவிட்டது என்று டாக்டரிடம் சொல்லியிருந்தான். என் படுக்கைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "சத்தியம் பண்ணுலே. உனக்காக நான் காவலை விட்டேன்னு தெரிஞ்சா என்னை அடைச்சிருவான். அதைவிட, அத்தனை பேரு உசுரை விட்டுட்டு வந்தேன்னு நாளைக்கு எவன் மூஞ்சில முழிப்பேன்" என்றான். மாதா மேல் பண்ணச் சொன்னான். மாதா மேல் பண்ணினேன். உன் சாமி மேலயும் பண்ணு, மாதா உன்னை விட்டுருவா, உன் சாமி விடாது என்றான். சுடலை மேலும் பண்ணினேன்.

ஆமை அதற்கு முன்பே, அந்த மத்தியானமே பிறந்துவிட்டது. சொட்டச் சொட்ட நனைந்து, பல் போய், வாயில் ரத்தத்தோடு நிற்கிறவனைப் பார்த்துச் சீஃப் குக் கேட்ட முதல் கேள்வி, டின் எங்கே. சத்தியம், அதுதான் கேட்டான். இழுத்துப் போட்டவன் ஓடின ஓட்டமே அவன் அங்கே இருக்கக் கூடாதவன் என்று சொல்லியிருந்தது, நான் என்ன சொல்ல. கடலில் விழுந்தேன், ஒரு ஆமை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தது, கூலியாக டின்னை வாங்கிக்கொண்டது என்றேன். பஞ்சாபி சிரித்தான் பாருங்கள், அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், அப்புறம் கப்பல் முழுக்கச் சிரித்தது, கேப்டன் வரைக்கும் போய் அவரே கூப்பிட்டுக் கேட்டுச் சிரித்தார், சிரித்த சிரிப்பில் நீ எப்படி ஏறி வந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மறுநாள் கதையைத் திரும்பச் சொன்னபோது பெர்க்மான்ஸ் கட்டுப்போட்ட கையோடு பின்னால் நின்று "பொய்" என்றான். அதுதான் முதல் தடவை. அவன் மூஞ்சியில் அப்பாடா என்று ஒரு நிம்மதி, அதை நான் மட்டும் பார்த்தேன். அன்றிலிருந்து தனியாகச் சந்தித்தால் அவன் எனக்கு வணக்கம் சொன்னதே இல்லை, "டின் எங்கலே?" என்பான், நான் "ஆமைகிட்ட" என்பேன். கடற்படையை விட்டு வந்து அவன் ஐஸ் பேக்டரியில் வேலைக்குப் போனபோதும் அதுதான், அவன் மகள் கல்யாணத்தில் மாலையும் கழுத்துமாகப் பந்தி விசாரித்தபோதும் அதுதான். ஜெசிந்தா, அவன் பெண்டாட்டி, நல்லவள், ஒரு தடவை என்னைத் தனியாக மறித்து, "அண்ணே, இவரு கையில உள்ள தழும்பு பைப்பு சுட்டது மாதிரி இல்லையே, குறுக்கால கோடு கோடா இருக்கே, என்னத்தை மறைக்கீங்க ரெண்டு பேரும்" என்று கேட்டாள். நான் ஆமைக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன, கட்டிக்கொண்டவன் எப்பேர்ப்பட்டவன் என்று தெரியாமலே போனாள். ஸ்டீம் பைப்பில் கையை வைத்த கவனமில்லாதவன் என்று நினைத்துக்கொண்டே மூன்று வேளையும் சோறு போட்டாள். அந்த ஒரு தடவை நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால்கூடப் போதும், அவளே கண்டுபிடித்திருப்பாள்.

இங்கே ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறார்கள். பெர்க்மான்ஸுக்கும் போர்த்தினார்கள், எல்லாருக்கும் போர்த்துகிற அதே ஜரிகை, அதே கைதட்டு, அதே அவசரம். துண்டு நழுவ, அதை டெல்பின் எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கும் தெரியாது. இன்றைக்குச் சொல்லிவிட்டால் என்ன. அவன் உட்கார்ந்திருக்கும்போதே, அவன் காதில் விழும்போதே, இந்தப் பந்தல் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவனுக்காக எழுந்து நின்றால் என்ன. சத்தியம் என்ன ஆவது. மாதா பார்த்துக்கொள்வாள், சுடலைக்கு ஒரு கிடா. காவலை விட்டதற்கு இத்தனை வருஷம் கழித்துக் கேஸ் போடுவானா, போட்டால் போடட்டும், ஆமை சாட்சி சொல்லும். இல்லை, சொல்லாதே, அவன் உன்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான், வேறு எதையும் அவன் உன்னிடம் கேட்டதில்லை, உன் உயிரைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் கேட்டவன் இப்போது எங்கே. கேட்டவன் போய்விட்ட பிறகு வாக்கு யாருக்கு. அடுத்த வருஷம் அவன் இங்கே வருவானா, வந்தாலும் தன் பேர் அவனுக்குத் தெரியுமா. "அடுத்தபடியாக," என்கிறார் வேலாயுதப்பெருமாள், "நீங்கள் எல்லாரும் ஆவலோடு எதிர்பார்க்கும், நமது அண்ணாச்சி, ஆமைப் புகழ் கொம்பையா!" கைதட்டு. நாற்காலியைப் பிடித்து எழுந்து மேடையேறுகிறேன். "அண்ணாச்சி, ரெண்டு நிமிஷம், சாப்பாடு ஆறுது" என்று காதில் சொல்கிறார்.

மைக் உப்புக்காற்றில் கரகரக்கிறது. வழக்கம்போல ஆரம்பித்தேன், புயல், டின், பஞ்சாபி மீசை, சிரித்தார்கள். விழுந்தேன் என்றேன். ஆமை வரும் என்று பிள்ளைகள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். "ஆமை வரலை" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "ஆமைன்னு ஒண்ணு எந்தக் காலத்துலயும் கிடையாது. என்னை இழுத்துப் போட்டது பெர்க்மான்ஸ். ஒத்தை ஆளா. அவன் உள்ளங்கையைப் பாருங்க, கயிறு போன கோடு இருக்கு. காவலை விட்டுட்டு வந்தான், எனக்காக, ஒரு சமையல்காரனுக்காக வந்தான். அதை மறைக்கத்தான் நான் இத்தனை வருஷமா..." துணியில் மழை விழுகிற சத்தம் கேட்டது. சின்ன அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார், எழுந்திருக்கப் போகிறார் என்று எனக்குத் தோன்றியது, டெல்பின் குனிந்து அப்பனுடைய கையைப் பிடித்துத் திருப்பப் போனாள், ஒரு நொடி, எழுந்திரும் ஐயா, எழுந்து நின்று ஒரு சல்யூட் வையும், உமக்குக் கோடிப் புண்ணியம். முதல் வரிசையிலிருந்து வந்தது பீரங்கி. "பொய்!"

அப்படி ஒரு சிரிப்பை அந்தப் பந்தல் கேட்டதில்லை. வேலாயுதப்பெருமாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார், அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சூப்பர், இந்த வருஷம் புதுக் கதை" என்று என் முதுகில் தட்டினார், டெல்பின்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்பா பழையபடி குரல் கொடுத்துவிட்டாரே என்ற சந்தோஷம் அவளுக்கு. பெர்க்மான்ஸ் இரண்டு கையையும் இறுக்கி மூடி மடியில் வைத்திருந்தான். நான் படியிறங்கி வந்தேன். பழக்கத்தில் வந்த சொல்தான், என் குரலைக் கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது, உள்ளே ஒன்றும் இல்லை, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நாற்காலியில் விழுந்தேன். சாப்பாட்டு மேசைப் பக்கம் ஜனம் கலைந்தது. அவன் என் பக்கம் திரும்பவே இல்லை, எதிரே பார்த்தபடி, உதடு மட்டும் அசைய, கோபமாகக் கேட்டான், "டின் எங்கலே?"

"ஆமைகிட்ட" என்றேன். "ஆங்" என்று தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து விரல்கள் தளர்ந்தன, டெல்பின் கொண்டுவந்த மிக்சரை வாங்க உள்ளங்கையை விரித்தான், குறுக்கே அந்த வெள்ளைக் கோடுகள், அவற்றின் மேல் அவள் காராபூந்தியைக் கொட்டினாள். அப்புறம் என்னைப் பார்த்து, மரியாதையாக, "நீங்க எந்தக் கப்பல்?" என்று கேட்டான். ஒரே ஒரு தடவை காவலை விட்டான், எனக்காக. அதற்கப்புறம் விட்டதே இல்லை, எல்லாம் போன பிறகும் அந்த ஒரு கண்ணாடிக் குழாயை மட்டும் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான், நான்தான் விட்டேன். ஆகவே நீங்கள் எனக்கு ஓர் உபகாரம் செய்ய வேண்டும். இதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள், டெல்பினிடம் மூச்சு விடாதீர்கள், கப்பல் பெயரைத் தேடாதீர்கள். யார் சொன்னது என்று எவராவது துருவிக் கேட்டால் என் பெயர் வேண்டாம், ஆமை சொன்னது என்று சொல்லிவிடுங்கள்.